வீட்டுக்குத் திரும்பிய பின்னும் விழித்திருக்கும் உடம்பு

(வலிகாமம் வடக்கில் மீளக்குடியமரவுள்ள, தற்போது கொழும்பில் வசிக்கும் குடும்பங்களுக்காக வெள்ளவத்தையில் நடந்த தகவல் சந்திப்பில் எமது தொடர்பாடல் அலுவலர் ஆற்றிய உரை. வர முடியாதவர்களும் வாசிப்பதற்காக இங்கே தரப்படுகிறது.)



வெள்ளவத்தையில் இருப்பவர்கள் இந்த மண்டபத்துக்கு நடந்தே வந்திருப்பீர்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தவர்கள் புறக்கோட்டையில் பஸ் மாறி, காலி வீதி நெரிசலில் வியர்த்து வந்து சேர்ந்திருப்பீர்கள். காணி உறுதி, நில அளவை, கிணறு இறைப்பது, கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை, பிள்ளைகளின் விடுகைப் பத்திரம் என்று காலையிலிருந்து எத்தனையோ விடயங்களைக் கேட்டுக் களைத்துப்போய் இருக்கிறீர்கள். இந்தக் கைந்நூலின் முன்பக்கங்களிலும் அவைதான் உள்ளன. எனக்கு அரை மணித்தியாலம் தந்திருக்கிறார்கள். எந்தப் படிவத்திலும் இடம் ஒதுக்காத ஒரு விடயத்தைப் பற்றிக் கதைக்கப் போகிறேன். உங்கள் மூளையும் நரம்புகளும் உங்களோடு ஊருக்கு வரும்போது என்ன செய்யும் என்பதுதான் அது.

முதலே சொல்லிவிடுகிறேன், நான் மருத்துவர் இல்லை. கலைப்பிரிவில் பட்டம் பெற்றவள். ஆனால் மீளக்குடியமர்ந்த குடும்பங்களின் வீடுகளுக்குப் போய் அவர்கள் சொல்வதை எழுதுவது என் வேலை. எழுதி எழுதி ஒன்று விளங்கியது. கூரையும் கிணறும் பற்றிக் கேட்டால் பத்து நிமிடத்தில் கதை முடிந்துவிடும். “இப்ப நித்திரை எப்பிடி?” என்று கேட்டால் ஒரு மணித்தியாலம் இருக்க வேண்டிவரும்.

ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். ஐயாவுக்கு அறுபது கடந்துவிட்டது. 1990 யூனில் மயிலிட்டிப் பக்கத்திலிருந்து உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டவர். கொஞ்சக் காலம் முகாம், பிறகு கொழும்பு, கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னக் கடை. 27 வருடங்களுக்குப் பிறகு, 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகத்தையும் அதைச் சுற்றிய காணியையும் விடுவித்தார்கள் அல்லவா? அந்தச் செய்தியைக் கேட்டுக் கடையிலேயே நின்று அழுத மனிதர். வீட்டு வேலை ஒருவாறு முடிந்து குடிபுகுந்தார். முதல் இரண்டு கிழமையும் ஒரே சந்தோசம். வேலி அடைத்தார், முற்றம் கூட்டினார், வருவோர் போவோர் எல்லோருக்கும் பழைய கதை சொன்னார்.

மூன்றாவது கிழமை அவருடைய மனைவி எனக்குத் தொலைபேசி எடுத்தார். “பிள்ளை, கொழும்பிலை ஒற்றை அறைக்குள்ளை கூட இந்த மனிசன் இப்பிடி முழிச்சிருந்ததில்லை. இரவு ரெண்டு மணிக்கு எழும்பிப் படலை பூட்டிக் கிடக்கோ எண்டு பாக்கிறார். திரும்ப மூண்டு மணிக்குப் பாக்கிறார்” என்றார். பேரப்பிள்ளை பானையைக் கீழே போட்டதற்கு அறைந்துவிட்டாராம். வைத்த சாமான் வைத்த இடம் தெரியவில்லை. எதைச் சாப்பிட்டாலும் வயிற்றைக் கலக்கியது. கடைசியில் “எனக்கு இந்த ஊர் ஒத்துவரேல்லை” என்று சொல்லிவிட்டுக் கொழும்புக்கே பஸ் ஏறிவிட்டார். உறவினர்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். வீடு வாஸ்து சரியில்லை என்றார் ஒருவர். ஆருக்கும் பொறுக்கவில்லை, ஏதோ செய்துவிட்டார்கள் என்றார் இன்னொருவர். மனிதருக்கு விசர் என்று மெல்லக் கதைத்தவர்களும் உண்டு. அந்த இடைவெளியில் வீட்டுத்திட்ட அலுவலர்கள் பார்வையிட வந்தபோது கையொப்பம் வைக்க ஆள் இல்லை. அடுத்த தவணைப் பணம் தள்ளிப்போனது.

ஐயாவுக்கு விசர் இல்லை. அவருடைய மூளை, தனக்குத் தெரிந்த வேலையை மிக நன்றாகச் செய்துகொண்டிருந்தது. சிக்கலே அதுதான்.

நமது மூளையின் எடை ஏறக்குறைய ஒரு கிலோ நானூறு கிராம். உடம்பின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான், ஆனால் நாம் சாப்பிட்டுப் பெறும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. அதன் உள்ளே, ஆழத்தில், வாதுமைக் கொட்டை அளவில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பகுதி இருக்கிறது. அமிக்டலா என்று பெயர். அதை வீட்டுக் காவல் நாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் கேட்டால் அது முதலில் குரைக்கும், யார் வந்தது என்று பிறகுதான் பார்க்கும். இருட்டில் கயிற்றைக் கண்டு பாம்பென்று துள்ளுகிறோமே, துள்ளிய பிறகுதான் அது கயிறு என்று தெரிகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும், யோசித்து முடிவெடுக்கும் பகுதிக்குச் செய்தி போய்ச் சேரமுன்னரே காவல் நாய் குரைத்துவிடுகிறது. உயிர் தப்ப அந்த ஒழுங்கு தேவை.

நாய் குரைத்ததும் என்ன நடக்கிறது? பரிவு நரம்புத் தொகுதி என்று பாடசாலையில் படித்திருப்பீர்கள். அது உடம்பு முழுவதற்கும் கட்டளை கொடுக்கிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல இருக்கும் அதிரீனல் சுரப்பிகள் அதிரீனலினை விடுகின்றன. நெஞ்சு அடிக்கிறது, மூச்சு மேலே மேலே வாங்குகிறது, இரத்தம் ஓடுவதற்கு வேண்டிய தசைகளுக்குப் போகிறது. ஓடப்போகிறவனுக்குச் சோறு சமிக்க நேரம் எங்கே? ஆகவே குடலின் வேலை தடைப்படுகிறது. பிறகு கோட்டிசோல் என்ற இன்னொரு சுரப்பு வந்து, இரத்தத்தில் சீனியை உயர்த்தி வைத்துக்கொள்கிறது. ஆபத்து கடந்ததும் பரபரிவு நரம்புத் தொகுதி வந்து எல்லாவற்றையும் ஆற்ற வேண்டும். நெஞ்சு ஆறும், வயிறு வேலை தொடங்கும், கண் சொருகும்.

பங்கருக்குள் ஓடிய நாட்களில் இது உங்களைக் காப்பாற்றியது. அப்போது ஹெலியின் சத்தம் வேறு, பொம்பரின் சத்தம் வேறு, சகடையின் சத்தம் வேறு என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியும். அதை ஒருவரும் பாடமாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. மூளை தானாகவே படித்தது. வருடக்கணக்கில் படித்ததை, காணி விடுவிக்கப்பட்டது என்று வர்த்தமானியில் வந்தவுடன் அது மறந்துவிடுமா?

கொழும்பில் இருந்ததால் தப்பிவிட்டோம் என்று நினைப்பவர்களும் உங்களில் இருக்கலாம். அப்படி இல்லை. 2007 யூன் 7ஆம் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களின் விடுதிகளில் இருந்த 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் பிற இடங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டு அதை நிறுத்தியது. அந்த நாட்களில் நாங்களும் ஒரு விடுதி அறையில்தான் இருந்தோம். எங்கள் கதவை யாரும் தட்டவில்லை. ஆனாலும் அம்மா அடையாள அட்டைகளையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கவிட்டிருப்பா. இன்றைக்கும் எங்கள் வீட்டில் அந்த ஆணி வேறொரு கதவில் இருக்கிறது, பையும் இருக்கிறது. இரவில் வீட்டுக்கு வெளியே ஒரு வாகனம் நின்று, இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தால், எனக்கு உள்ளங்கை வியர்க்கும். கூப்பிட்ட ஓட்டோவாக இருந்தாலும் அப்படித்தான். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்த பிறகு, கொட்டாஞ்சேனையில் எத்தனையோ பேர் தங்களுக்குப் பழைய நித்திரையீனம் திரும்பிவிட்டதாக என்னிடம் சொன்னார்கள். அவர்களில் சிலர் யுத்தத்தை மறந்தே விட்டோம் என்று சொன்னவர்கள்.

இனி அந்த ஐயாவிடம் திரும்பி வருவோம். கொட்டாஞ்சேனையில் அவருக்கு எப்படி நித்திரை வந்தது? கீழே கடை, மேலே அறை, சுவருக்கு அப்பால் ஆட்கள், வீதியில் விடியவிடிய வெளிச்சம். அந்தச் சத்தங்களுக்கு அவருடைய மூளை பழகிவிட்டது. ஊரில் பக்கத்து வீடு இன்னும் இடிந்த சுவராக இருக்கிறது. இருள். பனங்காட்டுக்குள் ஓலை விழுந்தாலும் கேட்கும் அமைதி. காவல் நாய்க்கு அமைதி பிடிக்காது, அது காதைக் கூர்மையாக்கிவிடும். அதற்கு மேல் விமானம். பலாலி இப்போது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம், 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி திறந்தார்கள். சென்னையிலிருந்து மருமகளையோ பேரனையோ ஏற்றி வரும் விமானம்தான் அது. ஐயாவுக்கும் அது தெரியும். ஆனால் அவருடைய முழங்காலுக்குத் தெரியாது. சத்தம் கேட்டதும் மடிந்துவிடுகிறது.

இதற்குக் காரணம் நினைவு சேமிக்கப்படும் முறை. சாதாரண நினைவுகளுக்கு, கடற்குதிரை வடிவத்தில் இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி இடமும் காலமும் எழுதி வைக்கிறது: இது மாமாவின் கலியாணம், அந்த வருடம், அந்த மண்டபம் என்று. பெரும் பயத்தின் நடுவே பதிந்த நினைவில் அந்தத் திகதி சரியாக எழுதப்படுவதில்லை. சத்தமும் மணமும் நெஞ்சடிப்பும் மட்டும் துண்டு துண்டாகப் பதிகின்றன. ஆகவே பின்னொரு நாள் அந்தச் சத்தம் கேட்டால், “இது பழையது” என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. இப்போது நடப்பது போலவே உடம்பு நடந்துகொள்கிறது. இதைத்தான் மனவடு என்கிறோம்.

யாழ்ப்பாணத்தில் யுத்த காலத்தில் வேலை செய்த உளநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம், 1998இல் வெளியிட்ட ஆங்கில நூலில் தமிழர் மனங்களில் யுத்தம் விட்ட வடுக்களை விரிவாக எழுதியிருக்கிறார். எங்கள் சனம் “எனக்கு மனம் சரியில்லை” என்று சொல்லிக்கொண்டு வைத்தியரிடம் போவது குறைவு. தலையிடி, நாரி நோ, நெஞ்செரிவு, கைகால் விறைப்பு, உடம்பு முழுக்க உளைவு என்றுதான் போவார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நாள் முழுக்க இறுகிப் பிடித்த தோளும் கழுத்தும் நோகத்தான் செய்யும். மாதக்கணக்கில் கோட்டிசோல் உயர்ந்திருந்தால் சலரோகக்காரருக்குச் சீனி இறங்காது, பிரஷரும் இறங்காது. குளிசை மாற்றி மாற்றி எடுத்தும் சீனி இறங்காத ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவருடைய நித்திரையைப் பற்றியும் வைத்தியரிடம் சொல்லுங்கள். வைத்தியர் கேட்க நேரமிருக்காது, நீங்களே சொல்ல வேண்டும்.

மறதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திரும்பிப் போகிறவர்களுக்கு அதனால் நேரடி நட்டம் வருகிறது. காவல் நாய் குரைத்துக்கொண்டே இருக்கும்போது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதியால் சரியாக வேலை செய்ய முடியாது. ஒரு விடயத்தில் மனதை நிறுத்துவது, மூன்று வேலைகளை வரிசையாக நினைவில் வைப்பது, கோபத்தை அடக்குவது எல்லாம் அந்தப் பகுதியின் பொறுப்பு. நித்திரை இல்லாவிட்டால் அதன் நிலை இன்னும் மோசம், பகலில் படித்ததை மூளை ஒழுங்குபடுத்திப் பதிவதே நித்திரையில்தான். இந்த நிலையில் இருக்கும் ஒருவரைப் பிரதேச செயலகத்துக்கு அனுப்புகிறோம். கிராம அலுவலரின் கடிதம், உறுதியின் பிரதி, வங்கிக் கணக்கு இலக்கம், குடும்ப அட்டை. ஒன்றை விட்டுவிட்டு வருகிறார். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சத்தம் போடுகிறார், வீட்டில் மகன் சத்தம் போடுகிறான். இரண்டாம் தரம் போகப் பயந்து போகாமலே விட்டுவிடுகிறார். இப்படி விண்ணப்பம் காலாவதியான குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து இதைச் சோம்பல் என்று சொல்லாதீர்கள். அலுவலகத்துக்குத் தனியாக அனுப்பாதீர்கள், இரண்டு பேராகப் போங்கள். ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். முடிவெடுக்க வேண்டிய பெரிய காரியங்களை, காணி விற்பது, கடன் எடுப்பது போன்றவற்றை, போன முதல் மாதங்களில் வைத்துக்கொள்ளாதீர்கள். நித்திரையில்லாத மூளை செய்யும் கணக்குப் பிழைக்கும்.

இது எத்தனை பேருக்கு நடக்கிறது என்று கேட்பீர்கள். யுத்தம் முடிந்த கையோடு, 2009 யூலை முதல் செப்டெம்பர் வரை, யாழ் மாவட்டத்தில் 1448 பேரிடம் எடுத்த ஆய்வொன்று 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. பதகளிப்பின் அறிகுறிகள் நூற்றுக்கு 32.6 பேருக்கு இருந்தன. மனச்சோர்வு 22.2 பேருக்கு. மனவடுவுக்குப் பிந்திய நெருக்கீட்டின் அறிகுறிகள் 7 பேருக்கு. இதில் நான் கவனித்த விடயம் வேறு. அப்போது புதிதாக மீளக்குடியமர்ந்திருந்தவர்களிடம் அந்த நெருக்கீட்டு அறிகுறிகள், நெடுங்காலம் அங்கேயே வசித்தவர்களை விட அதிகமாக இருந்தன. வீடு திரும்பிவிட்டார்கள் என்பதால் அது போய்விடவில்லை. ஒவ்வொருவரும் எவ்வளவு பயங்கரத்தைக் கண்டார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, இடம்பெயர்ந்தவர் என்பதால் மட்டும் வந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. எங்கே இருக்கிறீர்கள் என்பதை விட எதைக் கண்டீர்கள் என்பதுதான் உடம்பில் தங்குகிறது. அதே கணக்கை மறுபக்கமாகவும் பாருங்கள். கடுமையான காலத்தைக் கடந்து வந்தும் பெரும்பாலானவர்கள் நோயாளிகள் ஆகவில்லை. காலம் போக, ஒழுங்கான வாழ்க்கை திரும்ப, பலருக்குக் காவல் நாய் தானாகவே படுத்துவிடுகிறது.

அதைப் படுக்க வைக்க என்ன செய்யலாம்? “மன அழுத்த முகாமைத்துவம்” என்று பெரிய தாளில் எழுதி ஒட்டி, பத்து அம்சம் வாசிக்கும் பயிற்சிப் பட்டறைகளில் நானும் இருந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் ஒன்றும் நினைவில் நிற்காது. ஆகவே மூச்சை மட்டும் நன்றாகச் சொல்கிறேன்.

நெஞ்சடிப்பையோ வயிற்றையோ நாம் கட்டளையிட்டு நிறுத்த முடியாது. அந்தத் தானியங்கி நரம்புகளுக்குள் நாம் கைவைக்கக் கூடிய ஒரே வாசல் மூச்சு. உள்ளே இழுக்கும்போது இதயம் சற்று விரைகிறது, வெளியே விடும்போது ஆறுகிறது. வேகசு என்ற நீண்ட நரம்பு மூளையிலிருந்து இறங்கி இதயத்தையும் குடலையும் தொட்டு இந்த வேலையைச் செய்கிறது. ஆகவே வெளியே விடும் மூச்சை நீட்ட வேண்டும். மனதுக்குள் நான்கு எண்ணும் வரை மூக்கால் இழுங்கள், ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். ஐந்து நிமிடம், காலையில் ஒருதரம், படுக்க முன் ஒருதரம். பயம் வந்த பிறகு தொடங்கினால் கை கொடுக்காது. நீந்தப் பழகுவதும் தண்ணீர் கழுத்துக்கு வந்த பிறகு இல்லையே. எண்ணுவது பிடிக்காவிட்டால் நாமம் சொல்லுங்கள். பேராசிரியர் சோமசுந்தரமும் அவரோடு வேலை செய்தவர்களும் யாழ்ப்பாணத்தில் இதைத்தான் செய்தார்கள். சைவர்களுக்கு மந்திரமும் பிராணாயாமமும், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர் என்று அவரவர் வீட்டில் ஏற்கெனவே இருந்ததைக் கொண்டே ஆறுதல் பயிற்சி கொடுத்தார்கள். அம்மம்மா விடியற்காலையில் குந்தியிருந்து செய்ததை வைத்தியசாலையில் குறிப்பெழுதித் தந்தார்கள் என்று சொல்லலாம்.

மற்றவை சின்ன விடயங்கள். இரவு எப்படிப் போயிருந்தாலும் ஒரே நேரத்துக்கு எழும்புங்கள், எழும்பியதும் வெளிச்சத்தில் நில்லுங்கள். முற்றம் கூட்டுவது இதற்குப் போதும். தேத்தண்ணியில் இருக்கும் கஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணித்தியாலம் அளவில் எடுக்கும், ஆகவே பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு வேண்டாம். சாராயம் கண்ணை மூட வைக்கும், ஆனால் நடுச்சாமத்தில் எழுப்பிவிடும். ஊரில் புதிதாகத் தனிமைப்பட்ட ஆண்கள் அந்தப் பக்கம் போவதை நான் நிறையக் கண்டுவிட்டேன். வீட்டுப் பெண்கள் அதை மறைக்கப் பாடுபடுவதையும் கண்டுவிட்டேன். மறைக்காதீர்கள். படுக்கையில் அரை மணித்தியாலம் புரண்டும் வராவிட்டால் எழும்பி வந்து வேறிடத்தில் இருங்கள், கண் சொருகும்போது திரும்பப் போங்கள். படலையை ஒருதரம் பார்ப்பது நல்லது. இரண்டாம் தரம் பார்க்க எழும்பும்போது மூச்சுக்குப் போங்கள்.

பிள்ளைகளைப் பற்றி. கொழும்பில் பிறந்த பிள்ளைக்கு அது ஊர் இல்லை, அப்பாவின் ஊர். நண்பர்களும் வகுப்பும் ரியூசனும் ஒரே நாளில் போய்விடும். படுக்கையில் சிறுநீர் கழிப்பது, தனியே படுக்க மறுப்பது, வாய்பேசாமல் இருப்பது, முந்தி வந்த கணக்கு இப்போது வராமல் போவது, இவை கொஞ்ச நாளைக்கு வரலாம். அடித்தால் கூடும். பாடசாலை தொடங்கமுன் ஒருதரம் கூட்டிக்கொண்டு போய் வகுப்பறையையும் மலசலகூடத்தையும் காட்டுங்கள். பின்னேரம் விளையாட விடுங்கள். ஓடி விளையாடுவது பிள்ளையின் நரம்புகளுக்கு நல்ல மருந்து.

இன்னொன்று. வெளியிலிருந்து வருகிற சிலர், “நடந்ததை எல்லாம் சொல்லுங்கோ, அழுதால் பாரம் குறையும்” என்று வற்புறுத்துவார்கள். அப்படி ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்ட வைப்பது பலன் தராது. உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைப்பதில்லை. சொல்ல விரும்பினால், விரும்பிய நாளில், விரும்பிய ஆளிடம் சொல்லலாம். சொல்லாமலும் இருக்கலாம். பக்கத்தில் இருந்து வெங்காயம் உரிக்க ஒரு ஆள் இருந்தாலே நெஞ்சடிப்புக் குறையும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காகக் காத்திருக்கும் தாய்மாரிடம், கிரியை செய்து முடியுங்கள் என்று உறவினர்கள் சொல்வதும் இந்த வகைதான். முடிவு தெரியாத துக்கத்துக்கு நாள் குறிக்க எங்களுக்கு உரிமை இல்லை.

எல்லாவற்றையும் நரம்பு என்று விட்டுவிடவும் கூடாது. ஷெல் வெடிப்பில் தலையில் அடிபட்டவர்கள், தலைக்குள் சன்னத் துண்டு இருப்பவர்கள், வலிப்பு வருபவர்கள் கட்டாயம் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவர்களுடைய மறதிக்கும் கோபத்துக்கும் காரணம் வேறாக இருக்கலாம். முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் போவது, பேச்சுக் குழறுவது பாரிசவாதத்தின் அறிகுறி. நெஞ்சு நோ கைக்கும் தாடைக்கும் பரவினால் அது பதகளிப்பா இல்லையா என்று வீட்டில் இருந்து ஆராய வேண்டாம். உடனே 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் வரும், பணம் இல்லை.

நித்திரையீனமும் பயமும் ஒரு மாதம் கடந்தும் குறையாவிட்டால், வேலைக்கோ சமையலுக்கோ எழும்ப முடியாவிட்டால், செத்தால் போதும் என்று யாராவது சொன்னால், காத்திருக்காதீர்கள். 1926 தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இரவும் பகலும் எடுக்கலாம். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் யாழ் போதனா வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் சாந்திகம் போன்ற உளவளத்துணை நிலையங்களும் உண்டு. அரச வைத்தியசாலையில் காசு இல்லை. உளநலப் பிரிவுக்குப் போனதாக ஊரில் கதைப்பார்கள் என்ற பயம் எனக்கும் விளங்குகிறது. பிரஷருக்குப் போகும் அதே படலைக்குள்ளால்தான் அதற்கும் போவது.

இப்போது கொழும்பில் வலிப்புக்கோ மனச்சோர்வுக்கோ மருந்து எடுப்பவர்களுக்கு ஒரு விடயம். லொறி பிடிக்க முதல் கிளினிக்குக்குப் போங்கள். வடக்கிலுள்ள கிளினிக்குக்கு மாற்றுக் கடிதம் கேளுங்கள், ஒரு மாதத்துக்குரிய குளிசை கேளுங்கள். கிளினிக் கொப்பியைச் சாமான் பெட்டிக்குள் கட்டாமல் கைப்பையில் வையுங்கள். வீடு மாறும் அமளியில் வலிப்புக் குளிசை இரண்டு நாள் தவறினாலே ஆபத்து. மனச்சோர்வுக் குளிசை வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு கிழமை செல்லும், இடையில் நிறுத்தினால் அந்தக் காத்திருப்பு முழுக்க வீண். சுகம் என்று தெரிந்தாலும் வைத்தியரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

அந்த ஐயா என்ன ஆனார் என்று சிலர் கேட்கும் முகத்தோடு இருக்கிறீர்கள். கொழும்பில் இரண்டு மாதம் இருந்தார். பிறகு தம்பியாரும் கூட வர, திரும்பப் போனார். கட்டிலை அறைக்குள்ளிருந்து விறாந்தைக்கு மாற்றி, படலை தெரியப் போட்டுக்கொண்டார்கள். மனைவியின் யோசனை அது. மாதம் ஒருதரம் தெல்லிப்பழைக்குப் போகிறார். நித்திரை இன்னும் முழுதாக இல்லை, நான்கு ஐந்து மணித்தியாலம். விமானம் வரும் நேரத்தைப் பேரப்பிள்ளை கேட்டறிந்து சொல்கிறானாம். சத்தம் கேட்கமுன்னரே இருவரும் முற்றத்துக்கு வந்து மேலே பார்த்துக்கொண்டு நிற்பார்களாம். கடைசியாகக் கதைத்தபோது, முழங்கால் இன்னும் நடுங்குகிறது, ஆனால் மடியவில்லை என்று சொன்னார்.

பின்னால் தேத்தண்ணி வைத்திருக்கிறார்கள். மணி நாலரை ஆகிவிட்டது, நித்திரை குறைந்தவர்களுக்குத் தேசிக்காய்த் தண்ணியும் இருக்கிறது. மாற்றுக் கடிதம் கேட்கத் தயங்குபவர்கள் கிளினிக் கொப்பியோடு என்னிடம் வாருங்கள், என்ன கேட்க வேண்டும் என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தருகிறேன்.